மூலநிரல் யாருக்கு உரியது?

1976 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 3 ஆந் திகதியிடப்பெற்ற கடிதம் ஒன்று, அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் கணினியைப் பொழுதுபோக்காகக் கொண்டிருந்த சிறு கூட்டத்தாரின் செய்தித்தாள்களில் வெளியாயிற்று. எழுதியவர் இருபது வயதே நிரம்பிய இளைஞர். பெயர் பில் கேட்ஸ். உங்களுட் பெரும்பாலோர் மென்பொருளைத் திருடுகின்றீர்கள் என்று, சுற்றி வளையாமல், தம் வாடிக்கையாளரையே நோக்கி அவர் அதில் எழுதினார். வாடிக்கையாளரைத் திருடரென்று விளித்து வணிகந் தொடங்கியோர் உலகில் அதிகம் பேர் இரார். ஆயினும் அக்கடிதத்திலே வினா ஒன்றும் இருந்தது. ஊதியமின்றித் தேர்ந்த தொழிலைச் செய்ய யாரால் இயலும் என்பதே அவ்வினா. ஏறத்தாழ அரை நூற்றாண்டாக அது வாய்க்கு வாய் மாறிக் கேட்கப்பட்டு வருகின்றது, இன்னும் ஓயவில்லை.

கடிதம் பிறந்த சூழலைச் சிறிது நோக்குதல் வேண்டும். 1975 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், பொப்பியூலர் எலெக்ட்ரோனிக்ஸ் என்னும் சஞ்சிகையின் அட்டையில் அல்டெயர் 8800 என்ற சிறு கணினியின் படம் வெளிவந்தது. நியூ மெக்சிக்கோ மாநிலத்து அல்புகேர்க்கி நகரிலிருந்த சிறு கம்பனி ஒன்று 400 டொலர் அளவான விலைக்கு அதனை உதிரிப் பாகங்களாக விற்றது. வாங்கியவர் தாமே பொருத்திக்கொள்ள வேண்டும். திரையுமில்லை, தட்டெழுத்துப் பலகையுமில்லை. முகப்பில் வரிசையாக ஆளிகளும் சிறு விளக்குகளுமே இருந்தன. மனிதருக்கு விளங்கக்கூடிய மொழியில் அதனோடு உரையாட வேண்டுமாயின், பேசிக் என்னும் கணினிமொழி அதற்கென அமைக்கப்பட வேண்டும். அதனை அமைத்தவர்கள் பில் கேட்சும் அவருடைய தோழர் போல் அலனும். அவ்வாறு அமைக்கப்பட்ட செய்நிரல், துளையிட்ட கடதாசி நாடாவாகச் சுருட்டப்பட்டு விற்பனைக்கு வந்தது.

கலிபோர்னியாவிலே, 1975 மார்ச் மாதத்தில் ஒரு வீட்டின் மோட்டார் கொட்டகையிற் கூடத் தொடங்கிய ஹோம்புரூ கணினிக் கழகத்தார்க்கு அந்நாடா ஒன்று கிடைத்தது. அடுத்த கூட்டத்திற்கு அதன் படிகள் பல வந்து சேர்ந்தன. ஒரு படியை எடுத்துச் செல்பவர் மறுமுறை இரண்டு படிகளைக் கொணர வேண்டும் என்பது அவர்கள் வகுத்த நிபந்தனையாம். கள்வர் கூட்டத்தில் இத்தகைய விதி இருப்பதில்லை. வாசிகசாலை நடத்துவோரிடத்திலேதான் இருக்கும். அக்கழகத்தார் தம்மை எவ்வாறு கருதினர் என்பதற்கு இந்த நிபந்தனை ஒன்றே போதிய சான்று. மறுபுறத்தில் கேட்ஸ் வேறு கணக்கு வைத்திருந்தார். அல்டெயர் வைத்திருப்போரில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூடப் பேசிக்கை விலை கொடுத்து வாங்கவில்லை என்றும், அதனை ஆக்குவதற்குச் செலவான கணினி நேரத்தின் பெறுமதி மாத்திரமே 40,000 டொலருக்கு மேல் என்றும் அவர் எழுதினார்.

மறுமொழிகள் வந்தன. அந்த 40,000 டொலரைச் சுட்டி, அது யாருடைய பணம் என்று கேட்டோர் உண்டு. பேசிக் ஆக்கப்பட்டது ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில், அரசாங்கத்தின் பாதுகாப்பு நிதியிலிருந்து பொருள் பெற்ற கணினி ஒன்றிலன்றோ? மக்கள் வரிப்பணத்தால் இயங்கிய பொறியில் விளைந்தது எங்ஙனம் தனியுடைமை ஆகும் என்பது அவர்கள் வாதம். வாதத்தோடு அமையாமற் செயலில் இறங்கியவர்களும் உண்டு. டொம் பிற்மன் என்பவர் சிறு பேசிக் ஒன்றைத் தாமே எழுதி ஐந்து டொலருக்கு விற்றார். விலை குறைவாயின் திருடுவாரும் குறைவர் என்று காட்டுவது அவர் நோக்கம். ஐந்தைந்து டொலராகச் சேர்ந்த பணம் அவரைக் கைவிடவுமில்லை. லீ-சென் வாங் என்னும் மற்றொருவர் அதே 1976 இல் தமது பேசிக்கின் தலைப்பில், பதிப்புரிமை வாசகத்தைத் தலைகீழாகத் திருப்பி, எல்லாத் தவறுகளும் ஒதுக்கப்பட்டவை என்று வேடிக்கையாகப் பொறித்து வைத்தார். பதிப்புரிமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் வலப்பக்கத்தை இடப்பக்கமாக மாற்றி, கொப்பிலெப்ட் என்றும் எழுதினார். அவ்வேடிக்கைச் சொல் பின்னர் வேடிக்கையாய் இருக்கவில்லை.

மென்பொருளை விலைப்பொருளாகக் கருதும் வழக்கமே அக்காலத்திற் புதியது என்பதையும் மறத்தலாகாது. 1955 இல் ஐ.பி.எம். கணினிகளைப் பயன்படுத்திய நிறுவனங்கள் ஷெயார் என்னும் பெயரிற் சங்கம் ஒன்றை அமைத்து, தாம் எழுதிய செய்நிரல்களை ஒன்றுக்கொன்று வழங்கி வந்தன. பொறியை வாங்கியவருக்குச் செய்நிரல் உடன் வந்தது. 1969 சனவரியில் அமெரிக்க அரசாங்கம் ஐ.பி.எம். மீது ஏகபோக வழக்குத் தொடுத்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அக்கம்பனி மென்பொருளுக்குத் தனி விலை குறிக்கப்போவதாக அறிவித்தது. விற்பனைப் பண்டமாக மென்பொருள் தனித்து நிற்பதற்கு வழி திறந்தது அப்பொழுதுதான். எனவே ஹோம்புரூ கழகத்தார் புதிய குற்றம் ஒன்றைச் செய்தார்கள் என்பதைவிட, பழைய வழக்கம் ஒன்றை விடாமற் பற்றினார்கள் என்பதே பொருந்தும்.

மூலநிரல் என்பது யாது? நாட்டு வைத்தியர் உருட்டித் தரும் குளிகையையும் அவர் வீட்டுப் பெட்டகத்திலுள்ள ஏட்டையும் நினைத்தால் விளங்கும். குளிகையை விழுங்கினால் நோய் தீரலாம். ஆனால் அதனைப் பார்த்து அதில் என்ன மூலிகை எவ்வளவு சேர்ந்தது என்று சொல்ல இயலாது. ஏடு கையிலிருந்தாற் படிக்கலாம், பிழை கண்டாற் திருத்தலாம், மற்றொரு நோய்க்கு ஏற்ப மாற்றலாம். கணினி இயக்குவது குளிகையை. மனிதர் எழுதுவது ஏட்டை. ஏட்டைப் பூட்டி வைத்துக் குளிகையை மாத்திரம் விற்கும் முறை எண்பதுகளில் எங்கும் பரவிற்று.

அவ்வாறு பூட்டப்பட்ட ஏடு ஒன்றின் முன் நின்று சினங்கொண்டவர் ரிச்சர்ட் ஸ்டோல்மன். மசச்சூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்திற் பணிபுரிந்தவர். அங்கே இருந்த பழைய அச்சுப்பொறியிற் கடதாசி அடிக்கடி சிக்கிக்கொள்ளும். ஸ்டோல்மன் அதன் செய்நிரலைத் திருத்தி, கடதாசி சிக்கியவுடன் அச்சுக்குக் காத்திருப்போர் எல்லோருக்கும் அறிவித்தல் செல்லுமாறு அமைத்திருந்தார். பின்னர் சீரொக்ஸ் கம்பனி புதிய லேசர் அச்சுப்பொறி ஒன்றை ஆய்வுகூடத்திற்கு நன்கொடையாக வழங்கியது. அதுவுஞ் சிக்கியது. ஆனால் இம்முறை மூலநிரல் தரப்படவில்லை. அந்நிரலின் படி ஒன்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஒருவரிடம் இருப்பதாகக் கேள்வியுற்று, நேரே சென்று கேட்டார். பிறருக்குத் தருவதில்லையென்று கையொப்பமிட்டுள்ளேன் என்று அவர் மறுத்துவிட்டார். ஸ்டோல்மன் ஒன்றும் பேசாது திரும்பினாராம். பொருளின்மேல் எழுந்த ஆத்திரத்திலும் பெரிது, தம்மைப்போன்ற ஒரு விஞ்ஞானி தம் சகபாடிக்கு உதவ மறுப்பதற்கு முன்கூட்டியே வாக்களித்து வைத்திருந்தார் என்பதிற் பிறந்த வருத்தம்.

1983 செப்ரெம்பர் 27 ஆந் திகதி, யாவரும் படிக்கவும் திருத்தவும் வழங்கவுங்கூடிய முழுமையான இயங்குதளம் ஒன்றைத் தாம் எழுதப்போவதாக அவர் அறிவித்தார். குனு என்று அதற்குப் பெயர். 1984 சனவரியில் உத்தியோகத்தைத் துறந்தார். தாம் எழுதுவதற்கு நிறுவகம் உரிமை கோரலாகாது என்பதற்காகவே அத்துறவு. ஆயினும் ஆய்வுகூடத்தின் தலைவர் அவரை அங்கிருந்தே வேலை செய்ய அனுமதித்தார். தாம் ஆக்கிய ஈமாக்ஸ் என்னும் எழுத்துச் செய்நிரலை நாடாவிற் பதித்து 150 டொலருக்கு விற்றுச் சீவனம் நடத்தினார். கட்டற்ற மென்பொருள் என்றால் விலையற்ற மென்பொருள் என்று கருதுவோர் இதனைக் கவனித்தல் நன்று. ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல் வழங்குவதால் அம்மொழியினர் இதனை விளக்குவதற்கே பக்கம் பக்கமாக எழுத நேர்ந்தது. தமிழுக்கு அந்த இடர்ப்பாடு இல்லை.

ஸ்டோல்மனுடைய உண்மையான கண்டுபிடிப்புச் செய்நிரலிலே இல்லை, சட்டப் பத்திரத்திலே உள்ளது எனலாம். ஒன்றை எல்லோருக்கும் என்று விட்டுவிட்டால், வல்லவன் ஒருவன் அதனை எடுத்துச் சிறிது திருத்தி வேலியடைத்துக்கொள்வான். அதனைத் தடுப்பதற்கு அவர் பதிப்புரிமைச் சட்டத்தையே கருவியாக்கினார். 1989 பெப்ரவரியில் வெளியான குனு பொது உரிமப் பத்திரத்தின் சாரம் இது: இந்நிரலை இயக்கலாம், படிக்கலாம், திருத்தலாம், விற்கவுஞ் செய்யலாம், ஆனால் திருத்தியதைப் பிறருக்கு வழங்குவோர் அதன் மூலநிரலையும் இதே உரிமைகளோடு வழங்க வேண்டும். வாங் விளையாட்டாக எழுதிய கொப்பிலெப்ட் என்ற சொல்லே இந்த ஏற்பாட்டுக்குப் பெயராயிற்று. வேலி போடுவதற்கென்று இயற்றப்பட்ட சட்டத்தைக் கொண்டே வேலி போடலாகாதென்று விதித்தது, சட்டத்தரணிகளும் வியக்கும் சாதுரியம்.

குனுவின் உறுப்புகள் ஒவ்வொன்றாய் ஆயத்தமாயின. உயிர்நிலையான கருநிரல் மாத்திரம் தாமதித்தது. அதனைப் பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிரப்பினார். 1991 ஓகஸ்ட் 25 ஆந் திகதி, குனுவைப்போலப் பெரிதாக வளராத ஒரு பொழுதுபோக்கு முயற்சி என்று அடக்கத்தோடு லினஸ் தோர்வால்ட்ஸ் அறிவித்த லினக்ஸ், மறு ஆண்டில் குனு உரிமப் பத்திரத்தின்கீழ் வந்தது. 2017 நவம்பர் தொட்டு, உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூற்றின் பட்டியலில் ஐந்நூறும் லினக்சிலேயே இயங்கின. பொழுதுபோக்கு என்று தொடங்கியதன் கதை அவ்வளவில் நிற்க.

பெருங் கம்பனிகள் இதனை எவ்வாறு எதிர்கொண்டன என்பதே சுவையானது. 1998 சனவரியில், மைக்ரோசொப்டோடு போட்டியிட்டுத் தளர்ந்த நெட்ஸ்கேப் கம்பனி தன் உலாவியின் மூலநிரலை வெளியிடப்போவதாக அறிவித்தது. பெப்ரவரித் தொடக்கத்திற் சிலர் பாலோ அல்ற்றோ நகரிற் கூடி, சுதந்திரம் என்ற சொல் வணிகரை வெருட்டுகின்றதே என்று ஆலோசித்தபோது, கிறிஸ்ரின் பீற்றர்சன் என்னும் பெண்மணி திறந்த மூலம் என்ற பெயரை முன்மொழிந்தார். பெயர் நிலைத்தது, பகையும் நிலைத்தது. எது நல்ல மென்பொருளைத் தரும் என்று ஒரு சாராரும், எது நியாயம் என்று மறு சாராரும் பேசினர். ஸ்டோல்மன் புதிய பெயரை ஏற்கவேயில்லை. பெயரிலே நியாயம் மறைந்தால் நாளடைவில் மனத்திலும் மறையும் என்று அவர் அஞ்சியது வீண் அச்சமன்று என்பதைப் பின்னர் நிகழ்ந்தவை காட்டுகின்றன.

அதே ஆண்டு ஒக்ரோபர் முடிவில், மைக்ரோசொப்ட் கம்பனியின் உள்ளறிக்கை ஒன்று வெளியிற் கசிந்தது. திறந்த மூலத்தைத் தமது வருவாய்க்கு நேர் ஆபத்தென்று அது மதிப்பிட்டிருந்தது. 2001 ஜூன் மாதத்தில் அக்கம்பனியின் தலைமை அதிகாரி ஸ்டீவ் போல்மர், தொட்ட அறிவுடைமை யாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும் புற்றுநோய் என்று லினக்சைச் சொன்னார். ஐ.பி.எம். கம்பனியோ, 2001 ஆம் ஆண்டில் லினக்சின் பொருட்டு 100 கோடி டொலர் செலவிடப்போவதாக அதற்குச் சில மாதங்களின் முன்னரே அறிவித்துவிட்டது. ஒரு கம்பனிக்குப் புற்றுநோயாகத் தோன்றியது மற்றொன்றுக்கு முதலீடாகத் தோன்றியது. மென்பொருளை விற்போருக்கும், பொறியையும் சேவையையும் விற்போருக்கும் உள்ள வேறுபாடு அது.

இவ்வரலாற்றில் இலங்கைக்கும் சிறு பங்கு உண்டு. 2004 டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இத்தீவிற் பலிகொண்டபின், காணாமற் போனோரையும், அகதி முகாம்களையும், உதவி நிறுவனங்களையும் பதிவுசெய்து இணைப்பதற்குக் கொழும்பிலே தொண்டர்கள் விரைந்து எழுதிய மென்பொருள் சஹானா. சிங்களத்தில் நிவாரணம் என்னும் பொருள் தரும் சொல் அது. மூலநிரல் திறந்திருந்தமையால், 2005 இல் பாகிஸ்தானில் நிலம் நடுங்கியபோது எவரிடமும் விலை பேசவோ அனுமதி கேட்கவோ நில்லாமல் அங்கும் பயன்பட்டது. ஸ்டோல்மன் நிறுவிய கட்டற்ற மென்பொருள் நிறுவனத்தின் சமூக நலப் பரிசு 2006 இல் சஹானாவுக்கு வழங்கப்பட்டது. ஏடு திறந்திருப்பதன் பயன் யாது என்று வினவுவோருக்கு வேறு விடை வேண்டியதில்லை.

இனி வருவது கதையின் திருப்பம். 2000 க்குப் பின் பெருங் கம்பனிகள் மென்பொருளைப் பெட்டியிலிட்டு விற்பதை விட்டு, தங்கள் கணினிகளிலேயே இயக்கி, வலையமைப்பின் வழியே அதன் சேவையை வாடகைக்கு விடத் தொடங்கின. குனு உரிமப் பத்திரத்தின் நிபந்தனை, மென்பொருளைப் பிறருக்கு வழங்கும்போதே எழுவது. தன் வீட்டிலேயே வைத்து இயக்குபவன் எதையும் வழங்கவில்லை. ஆதலின் எதையுந் திருப்பித் தரவேண்டியதுமில்லை. இந்தத் துளையை அடைப்பதற்கு 2007 நவம்பரில் அபெரோ என்னும் பெயரிற் கடுமையான பத்திரம் ஒன்று வந்தது. எனினும் பெருங் கம்பனிகள் அதனை நெருங்க விரும்பவில்லை.

பொதுக் கிணற்றில் எல்லோரும் அள்ளினர். தூர்வாருவது யார் என்பது கேட்கப்படாமலே இருந்தது. 2014 ஏப்பிரலில், இணைய வணிகத்தின் இரகசியங்களைக் காக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற மென்பொருளிற் பெரும் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டபோதுதான் அந்த வினா எழுந்தது. உலகத்து வங்கிகளும் கம்பனிகளும் நம்பியிருந்த அந்நிரலில் முழுநேரமாக உழைத்தவர் ஒருவரே. நன்கொடையாக ஆண்டொன்றுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 2,000 டொலர். உண்மை வெளியானபின் கம்பனிகள் நாணத்தோடு பணந் திரட்டின. வெளியாகுமுன் ஏன் திரட்டவில்லை என்பதற்குச் சட்டத்தில் விடை தேடுவது வீண். சட்டப்படி எவரும் ஒரு சதமேனும் கடன்படவில்லை.

அந்தப் பழைய கடிதத்தின் குரல் வேறொரு வாயிலிருந்து மீண்டுங் கேட்டது 2021 சனவரியில். ஷாய் பானன் என்பவர், இலண்டனிற் சமையற்கலை பயின்ற தம் மனைவியின் சமையற் குறிப்புகளைத் தேடி எடுப்பதற்கு வேலையற்றிருந்த நாட்களில் எழுதத் தொடங்கிய செய்நிரல், 2010 இல் எலாஸ்ற்றிக்சேர்ச் என்னும் பெயரில் யாவருக்கும் திறந்து வெளியிடப்பட்டது. அது வளர்ந்து, அதனைச் சுற்றிக் கம்பனி ஒன்றும் வளர்ந்தது. 2015 இல் அமேசன் கம்பனி அதே நிரலைத் தன் கணினிகளில் ஏற்றி, அதன் பெயரையுஞ் சேர்த்து, வாடகைச் சேவையாக விற்கத் தொடங்கியது. நிரலை எடுத்தாண்டது உரிமப் பத்திரத்துக்கு விரோதமன்று. அப்பத்திரமே அதற்கு இடங்கொடுத்திருந்தது. பெயரைப் பற்றிய பூசல் நீதிமன்றத்தை அடைந்தது. ஈற்றில் 2021 இல், அமேசன் செய்வது தகாது என்று பானன் வெளிப்படையாக எழுதி, பழைய உரிமத்தைக் கைவிட்டுக் கட்டுப்பாடுடைய உரிமத்துக்கு மாறினார். மொங்கோ டிபி என்னும் கம்பனி 2018 இலேயே காட்டிய வழி அது. திறந்த மூலம் என்ற பெயர் அந்த உரிமத்துக்குப் பொருந்தாது என்று அப்பெயரின் காவலர்கள் கூறினர்.

இங்கே பக்கஞ் சேர்வது எளிதன்று. ஆக்கியவன் உழைப்பைப் பெருஞ் செல்வன் அறுவடை செய்வதைக் கண்டு எலாஸ்ற்றிக் கம்பனிக்கு இரங்குவோர், மற்றொன்றையும் எண்ணுதல் வேண்டும். அந்நிரலிற் கம்பனிக்கு வெளியே இருந்தவர் பலரின் கூலியில்லா உழைப்புங் கலந்திருந்தது. என்றுந் திறந்திருக்கும் என்று நம்பி அவர்கள் கொடுத்ததைக் கம்பனி ஒரு நாளிற் பூட்டியது. பழைய உரிமத்தின்கீழ் இருந்த கடைசிப் படியை எடுத்துக்கொண்டு ஓப்பன்சேர்ச் என்னும் தனிக் கிளையை அமேசன் நட்டது. பொதுவுடைமையின் காவலனாக உலகப் பெருஞ் செல்வக் கம்பனி ஒன்று காட்சியளித்த விந்தையும் அதனால் நிகழ்ந்தது. 2024 இல் எலாஸ்ற்றிக் கம்பனி அபெரோ பத்திரத்தையும் ஏற்றுத் தன் நிரலை மறுபடி திறந்தது. அவ்வாண்டே ஓப்பன்சேர்ச்சை அமேசன் லினக்ஸ் நிறுவனத்தின் பொறுப்பில் ஒப்படைத்தது. மூன்றரை ஆண்டுப் பிணக்கின் முடிவில் இரு கிளையும் திறந்தே நின்றன. உழைத்தவருக்கு யார் கொடுப்பது என்ற கணக்கு மாத்திரம் தீரவில்லை.

இதற்கிடையில் மைக்ரோசொப்ட் மனம் மாறியிருந்தது. புற்றுநோய் என்ற கம்பனி 2014 இல் லினக்சை நேசிப்பதாக அறிவித்தது. 2018 இல், திறந்த மூல ஆக்குநர் பெரும்பாலோர் தம் நிரலை வைத்திருக்கும் கிற்ஹப் களஞ்சியத்தை 750 கோடி டொலருக்கு வாங்கியது. 2021 இல் அக்களஞ்சியத்தின் பொது நிரல்களைப் படித்துப் பயின்று, தானே நிரல் எழுதும் கோப்பைலட் என்ற பொறியை வெளியிட்டது. தாம் விதித்த நிபந்தனைகளும் பெயர்களும் அப்பொறியின் வயிற்றில் மறைந்துவிட்டன என்று ஆக்குநர் சிலர் 2022 நவம்பரில் வழக்குத் தொடுத்தனர். அரை நூற்றாண்டின் முன் எடுத்தவர்கள் கணினிப் பொழுதுபோக்காளர், முறையிட்டது கம்பனி. இப்போது எடுத்தது கம்பனி, முறையிட்டவர்கள் தனியாட்கள்.

2025 ஏப்பிரலில் மைக்ரோசொப்ட் கம்பனிக்கு ஐம்பது ஆண்டு நிரம்பிற்று. அதனையொட்டி, எழுபதை அணுகிய பில் கேட்ஸ், அல்டெயர் கணினிக்குத் தாமும் அலனும் எழுதிய பேசிக்கின் மூலநிரலை, பழுப்பேறிய அச்சுத் தாள்களின் படமாக, 157 பக்கத்தில் யாவரும் பார்க்க வெளியிட்டார். தம் வாழ்நாளில் எழுதிய நிரல்களுள் மிக இனியது அதுவே என்றும் சொன்னார். அவ்வாண்டு செப்ரெம்பரில் மைக்ரோசொப்ட் கம்பனி, அதே பேசிக்கின் வழித்தோன்றலாக 6502 என்னும் கணினிச் சில்லுக்கென அமைந்த நிரலை முழு உரிமத்தோடு திறந்து கிற்ஹப்பில் வைத்தது. எடுப்பதற்கு விலையில்லை, இரண்டு படி திருப்பிக் கொணர வேண்டும் என்ற நிபந்தனையுமில்லை.